மண்ணீரலை அளந்த கையும் ஒலியும்

நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என உடலின் உள்ளுறுப்புகள் மூன்றனுக்குத் தமிழ் ஒரே ஈற்றுச் சொல்லைக் கொடுத்திருக்கிறது. முன் நிற்கும் அடைமொழிகளோ நுரை, கல், மண் என்பன. மூன்றும் தொட்டுணரும் கையின் சொற்கள். ஏட்டைப் பார்த்துப் பெயரிட்டவர் இவ்வாறு பெயரிட்டிருக்க மாட்டார். அறுத்த ஆட்டின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்தவரே இட்டிருத்தல் வேண்டும். வடமொழி இதனைப் பிலீகன் என்றது. கிரேக்கர் வழங்கிய ஸ்ப்ளேன் என்ற பெயரும் அதே வேரிலிருந்து கிளைத்தது என்பர் மொழிநூலார். மலாய் மொழியில் மண்ணீரலுக்குக் குரா என்று பெயர். முறைவைத்து வரும் குளிர்காய்ச்சலை மலாய்க்காரர் டெமாம் குரா, அதாவது மண்ணீரல் காய்ச்சல், என்றே வழங்கினர். நோய்க்குக் காரணம் இன்னதென்று அறிவியல் கண்டுபிடிப்பதற்கு நெடுங்காலம் முன்பே, அந்நோய் எந்த உறுப்பைப் பற்றுகிறது என்பதை மக்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு இவ்வொரு சொல்லே போதிய சான்றாகும்.

இடப்பக்க விலா எலும்புகளின் அடியில், இரைப்பைக்குப் பின்னே, ஒரு கைப்பிடி அளவில் மறைந்து கிடப்பது மண்ணீரல். வளர்ந்தவர்க்கு ஏறத்தாழ 150 கிராம் எடை இருக்கும். நீளம் பெரும்பாலும் 12 செண்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. அதன் பணி இருவகைப்படும். கிழடு தட்டிய சிவப்பணுக்களை வடிகட்டி அழிப்பது ஒன்று. குருதியில் நுழைந்த கிருமியை இனங்கண்டு அதனை எதிர்க்கும் அணுக்களையும் எதிர்ப்பொருளையும் உண்டாக்குவது மற்றொன்று. கடுந்தொற்றுக் காலத்தில் இவ்விரு பணியும் ஒருங்கே பெருகுவதால் உறுப்பும் வீங்குகிறது. மலேரியாவில் கிருமி புகுந்த சிவப்பணு தன் நெகிழ்ச்சியை இழந்து விறைத்துப் போகிறது. மண்ணீரலின் நுண்ணிய இடுக்குகளில் நுழைந்து வெளியேற முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. நலமாயிருப்பவரின் மண்ணீரல் கைக்குப் புலப்படாது. ஏறத்தாழ இரண்டு மடங்கு பெருத்த பின்னரே விலாவிளிம்பைக் கடந்து வந்து விரல் நுனியில் முட்டும். இந்த ஒரு முட்டலை நம்பித்தான் நூறாண்டுக்கு மேலாக ஆசியாவின் பொதுநலத் துறைகள் இயங்கின.

மண்ணீரலைத் தொட்டுப் பார்த்து ஓர் ஊரின் நலத்தை அளக்கலாம் என்ற எண்ணம் இந்தியாவில் பிறந்தது. யமுனைக் கால்வாய்களின் கரையூர்களில் காய்ச்சல் மிகுவதற்குக் கால்வாய் நீர்தான் காரணமோ என ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழுவில் இருந்த மருத்துவர் டெம்ப்ஸ்டர் ஊர் ஊராகச் சென்று மக்களின் வயிற்றைத் தடவி, நூற்றில் எத்தனை பேருக்கு மண்ணீரல் பெருத்திருக்கிறது என்று கணக்கெடுத்தார். அறிக்கை 1847இல் வெளியாயிற்று. குழுவில் இருந்த மூவருள் இளையவரான பொறியாளர் ஹென்றி யூல் பிற்காலத்தில் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியால் புகழ் பெற்றவர். தஞ்சையில் நீதிபதியாய் இருந்த பர்னல் அவ்வகராதிப் பணியில் அவருக்குத் துணைநின்றார். சொற்களைக் கணக்கெடுத்த அதே மனிதர் இளமையில் மண்ணீரல் கணக்கெடுப்பிலும் உடனிருந்தார் என்பது தமிழாசிரியர்க்குச் சுவை தரும் செய்தி. 1847இல் மலேரியாக் கிருமியை எவரும் கண்டதில்லை. லாவரான் அதனைக் கண்டது 1880இல். கொசுவின் வயிற்றில் ரோனால்டு ராஸ் அதனைக் கண்டது 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில். காரணம் அறியப்படாமலே அளவுகோல் மட்டும் அரை நூற்றாண்டு முந்திப் பிறந்துவிட்டது.

ஆயினும் இவ்வளவுகோலுக்கு இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. அதனை விடுத்து வரலாறு எழுதுவது முறையாகாது. பெருத்த மண்ணீரல் எளிதில் வெடிக்கும். இந்தியாவில் வெள்ளையர் தம் வேலையாளை அடித்தோ உதைத்தோ அவன் மாண்டுபோன வழக்குகளில், மண்ணீரல் முன்னரே நோயுற்றிருந்தது என்ற மருத்துவச் சான்று மீண்டும் மீண்டும் எதிரியைக் காப்பாற்றிற்று. 1875இல் ஆக்ராவில் புல்லர் என்ற வழக்கறிஞர் தம் குதிரைக்காரரை அறைந்தார். கட்வாரு என்னும் அவ்வேலையாள் சிறிது நேரத்தில் மண்ணீரல் வெடித்து இறந்தார். நீதிமன்றம் விதித்த தண்டம் 30 ரூபாய். இத்தீர்ப்பைக் கண்டித்து ஆளுநர் தலைவர் லிட்டன் 1876இல் குறிப்பு வெளியிட்டபோது ஆங்கிலேய இதழ்கள் தீர்ப்பை விட்டுவிட்டு லிட்டன் மேல் பாய்ந்தன. ஏழையின் உடலில் இருந்த நோய், அவனை அடித்தவர்க்கு அரணாயிற்று. உயிருடன் இருக்கும்போது அம்மண்ணீரலின் நிலையைக் காண வழியில்லை. இறந்தபின் அறுத்துப் பார்த்த மருத்துவர் சொல்வதே முடிவு என்றிருந்த காலம் அது. உள்ளே பார்க்கும் கருவி இல்லாமையை மருத்துவக் குறை என்று மட்டும் கொள்ளலாகாது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். இன்று தேக்கா என்றும் லிட்டில் இந்தியா என்றும் வழங்கும் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீர் தேங்கும் தாழ்நிலம். எருமைகளுக்கும் மாடுகளுக்கும் நீரும் புல்லும் கிடைத்ததால் மாட்டு வாணிகம் அங்கே வேரூன்றிற்று. கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத்தொழுவம், என்ற மலாய்ப் பெயர் அதன் எச்சம். டான் டொக் செங் என்ற வணிகர் 5,000 ஸ்பானிய வெள்ளி கொடுத்து, 1844இல் பேர்ல்ஸ் ஹில்லில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏழையர் மருத்துவமனை, 1860ஐ ஒட்டிச் சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடும் சமவெளிக்கு மாறியது. 1909இல் மோல்மின் சாலைக்குப் போகும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, சிராங்கூன் சாலைத் தமிழரின் அண்டை வீடாக அது இருந்தது. நோயாளரைக் கிடத்தத் தேர்ந்த இடம் சதுப்புநிலம் என்பதில் உள்ள முரணை அன்றைய அதிகாரிகள் உணர்ந்தே 1909இல் மேட்டுப்பாங்கான இடம் தேடினர்.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கினர். சிங்கப்பூரில் 1874 முதல் செயின்ட் ஜான்ஸ் தீவு நோய்த்தடுப்புக் காப்பிடமாயிற்று. அங்கு வாந்திபேதியையும் அம்மையையும் தேடிப் பிடிக்க முடிந்தது. மலேரியாவை அவ்வாறு பிடிக்க இயலாது. அது கப்பலில் வந்து இறங்கிய நோயன்று, காட்டை வெட்டியவனை வெட்டிய இடத்திலேயே பற்றிய நோய். ரப்பர்த் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகள் மொட்டையடிக்கப்பட்ட ஆண்டுகளில் அதற்கு இரையானோரில் பெரும்பகுதியினர் கங்காணிகள் அழைத்து வந்த தமிழ்க் குடும்பங்கள்.

அக்காலத்தில் மலாயாவுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன். 1901இல் கிள்ளான் வட்டார மருத்துவராகப் பொறுப்பேற்றபோது ஊரே காய்ச்சலில் கிடந்தது. புதிதாகத் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை மூடிவிடலாமா என்று எண்ணும் நிலை வந்தது. சதுப்பை வடித்து, காட்டை அகற்றி, நீர்வழிகளைச் செம்மை செய்தார் வாட்சன். கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901இல் 368 ஆக இருந்த காய்ச்சல் சாவுகள் 1902இல் 59 ஆயின. இவ்வெற்றிக்குப் பின் தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் கையாண்ட கருவி டெம்ப்ஸ்டரின் பழைய கைதான். தோட்டத்து லயன் வீடுகளின் முன் தமிழ்ப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, விலாவின் கீழ் விரல் வைத்து, பெருத்த மண்ணீரல் எத்தனை எனக் குறித்துக்கொண்டார். பெரியவர் இடம் மாறுபவர். அவர்தம் மண்ணீரல் எந்த ஊர் நோயைக் காட்டுகிறது என்று சொல்ல இயலாது. குழந்தையோ பிறந்த இடத்தில் வளர்வது. ஆதலின் அதன் மண்ணீரல் அந்த மண்ணின் சாட்சி. இந்த ஏரணம் இன்றும் குற்றமற்றது.

வாட்சன் கண்ட உண்மைகளுள் தலையாயது ஒரு வியப்பான முரண். கடற்கரைச் சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்தால் பிள்ளைகளின் மண்ணீரல் சுருங்கிற்று. மலைப்பகுதியில் அதே வேலையைச் செய்தபோது மண்ணீரல்கள் பெருத்தன. காரணம், சமவெளி நோயைப் பரப்பிய அனாபிலிஸ் அம்ப்ரோசஸ் என்னும் கொசு நிழலான தேக்கங்களில் வளர்வது. மலை நோயைப் பரப்பிய மாகுலேட்டஸ் என்னும் கொசு வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. ஒன்றின் வாழ்விடத்தை அழித்த கை மற்றொன்றுக்குத் தொட்டில் கட்டிற்று. ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய்வழி செலுத்துவதும், நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிப்பதும் அதன்பின் வந்த வழிகள். இதனை வெளிப்படுத்தியவை கொசு ஆராய்ச்சியும் பிள்ளைகளின் வயிறும் சேர்ந்தே. வாட்சனுக்கு 1924இல் சர் பட்டம் கிடைத்தது. அவர் நூலுக்கு ராஸ் முன்னுரை எழுதினார். அப்பிள்ளைகளுள் ஒருவர் பெயரும் அட்டவணையில் ஏறவில்லை. நூற்றுக்கு இத்தனை என்ற பின்னமாகவே அவர்கள் வரலாற்றில் நிற்கின்றனர். இது வாட்சன்மேல் குற்றம் சாட்டுவதன்று. அவர் முயற்சியால் பிழைத்தவர் ஆயிரக்கணக்கினர். ஆனால் மலாயாத் தமிழரின் வரலாற்றுக்கு மண்ணீரல் அட்டவணையும் ஒரு மூல ஆவணம் என்பதைத் தமிழ் வரலாற்று மாணவர் இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

சிங்கப்பூர் நகரில் மலேரியாச் சாவு பெருகிய 1911ஆம் ஆண்டில் மலேரியா எதிர்ப்புக் குழு அமைக்கப்பட்டது. வாட்சனின் அறிவுரை கேட்கப்பட்டு, தெலுக் பிளாங்கா முதல் சோதனைக் களமாயிற்று. நிலத்தடிக் குழாய்களும் செங்கல் பாவிய வடிகால்களும் அங்கே இடப்பட்டன. நகராட்சியின் நலவாழ்வு அதிகாரியாய் நெடுங்காலம் இருந்த மிடில்டன் பெயரை, 1913இல் மோல்மின் சாலையில் திறக்கப்பட்ட தொற்றுநோய் மருத்துவமனை 1920 முதல் தாங்கிற்று. மலேரியா எதிர்ப்புப் பணி பல்லாண்டு நீண்டது. இடையில் ஜப்பானியர் ஆட்சி வந்தது. பராமரிப்பற்ற வடிகால்கள் தூர்ந்தன. சயாம் ரயில்பாதைக்கு இட்டுச் செல்லப்பட்ட தமிழர்களைக் கொன்றவற்றுள் மலேரியாவும் வாந்திபேதியும் முன்னின்றன. போர் முடிந்தபின் பழைய வேலை மீண்டும் தொடங்கி, 1982 நவம்பரில் சிங்கப்பூர் மலேரியா நீங்கிய நாடென உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

கையின் அளவையைச் செம்மைப்படுத்த ஹாக்கெட் என்ற அமெரிக்கர் 1944இல் ஒரு படிமுறை வகுத்தார். ஆழ மூச்சிழுத்தாலும் விரலில் படாதது சுழியம். ஆழ்மூச்சில் மட்டும் படுவது ஒன்று. கொப்பூழையும் கடந்து அடிவயிறு வரை இறங்கியது ஐந்து. 1950இல் கம்பாலா மாநாட்டை ஒட்டி, இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளின் மண்ணீரல் விழுக்காட்டைக் கொண்டு நாடுகளின் மலேரியா நிலை வகைப்படுத்தப்பட்டது. இவை எல்லாம் பயனுள்ளவையே. ஆயினும் கைக்கு இரு குறைகள் நீங்கவில்லை. முதலாவது, இரு மருத்துவரின் கைகள் ஒத்துப்போவதில்லை. இரண்டாவது, கை புறவிளிம்பை மட்டுமே அறியும். உள்ளே சீழ்க்கட்டி உள்ளதா, குருதி தடைப்பட்டுச் செத்த பகுதி உள்ளதா என்று சொல்லாது. கடுங்காய்ச்சலில் மென்மையாகிப் பெருத்த மண்ணீரலை அழுத்திப் பார்ப்பதே இடருமாகும்.

இக்குறையைத் தீர்த்தது ஒலி. மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வுடைய ஒலியைப் படிகங்களால் உண்டாக்க இயலும் என்பதற்கு அடிப்படையைக் கியூரி உடன்பிறந்தார் 1880இல் கண்டனர். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட லாஞ்செவன் அதனைப் பயன்படுத்தினார். உலோகத்தில் உள்ள வெடிப்பைக் காணும் கருவியாக அது தொழிற்சாலைகளில் புகுந்தது. கிளாஸ்கோ நகரின் மகப்பேற்று மருத்துவர் இயான் டொனால்டு 1955இல், அறுவையில் எடுத்த கட்டிகளைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு கொதிகலன் செய்யும் ஆலை ஒன்றுக்குப் போனார். இரும்பின் விரிசலைக் காட்டும் கருவி சதையின் வேறுபாட்டைக் காட்டுமா என்று அங்கே சோதித்தார். ஒப்புநோக்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் அங்கே வைக்கப்பட்டதாம். காட்டிற்று. மக்விக்கர், பிரவுன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7ஆம் நாள் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. வயிற்றுப் புற்று, இனிச் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது பெரிய சூலகக் கட்டி மட்டுமே என்று ஒலி காட்டியதையும், அதனை அகற்றி அப்பெண் பிழைத்ததையும் அக்கட்டுரை சொல்கிறது.

கருவியின் இயக்கம் எளியது. நொடிக்கு முப்பது முதல் ஐம்பது இலட்சம் வரை அதிரும் ஒலித்துடிப்பை உடலுக்குள் செலுத்துகின்றனர். மென்தசையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்லும். பத்துச் செண்டிமீட்டர் ஆழத்தில் ஒரு பரப்பில் பட்டுத் திரும்ப, நொடியைப் பதினாயிரம் கூறிட்டால் ஒரு கூற்றுக்குச் சற்று மேலான நேரம் போதும். திரும்பி வந்த எதிரொலியின் நேரத்தை ஆழமாகவும் வலிமையை வெண்மையாகவும் மாற்றித் திரையில் தீட்டுகிறது கருவி. நீரும் சீழும் கருமையாய்த் தோன்றும். நலமான மண்ணீரல் ஒரு சீராய்ச் சாம்பல் நிறத்தில் பிறைபோலத் தோன்றும். கதிரியக்கம் இல்லை, வலி இல்லை, நாள்தோறும் பார்க்கலாம். இந்தக் கடைசிச் சிறப்பே தொற்றுநோயில் முதன்மையானது. காரணம், ஒருநாள் அளவு கூறுவது குறைவு. இரண்டு அளவுகளின் வேறுபாடே நோயின் போக்கைச் சொல்லும். மலேரியாவில் மருந்து வேலை செய்தால் மண்ணீரல் கிழமைகளில் சுருங்கும். டெங்கியில் பித்தப்பையின் சுவர் தடித்தல், நெஞ்சறையிலும் வயிற்றிலும் நீர் கோத்தல் என்பன குருதிக்குழாய் கசிவை எச்சரிக்கும். மண்ணீரல் சிலரில் பெருக்கும். ஆனால் அந்நோயில் அது துணைச்சான்று மட்டுமே.

சிராங்கூன் சாலை மக்களுக்கு ஸ்கேன் என்ற சொல் அறிமுகமானது பெரும்பாலும் கருவுற்ற பெண்களின் வழியாகத்தான். 1924இல் மகப்பேற்று மருத்துவமனையாகத் திறக்கப்பட்டு, 1966இல் ஓராண்டில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்த இடமென உலகச் சாதனை நூலில் ஏறிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை தேக்காவை ஒட்டியே உள்ளது. குழந்தையைக் காட்டும் அதே கருவி காய்ச்சல்காரரின் மண்ணீரலையும் காட்டும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

மண்ணீரலும் மீயொலியும் ஒன்றையொன்று மிகத் தேவையாகக் காணும் கடுந்தொற்று ஒன்று சிங்கப்பூரிலேயே உள்ளது. மெலியாய்டோசிஸ் என்பது அதன் பெயர். மண்ணிலும் சேற்றுநீரிலும் வாழும் பாக்டீரியா, வெட்டுக்காயம் வழியாகவோ, பெருமழைக் காலத்தில் மூச்சு வழியாகவோ உடலில் புகும். நீரிழிவு உடையோரை அது மிகுதியும் தாக்கும். குருதியில் பரவி நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளைப் பரப்பும். 2004ஆம் ஆண்டின் முற்பாதியில் பெருமழையை ஒட்டிச் சிங்கப்பூரில் இந்நோயாளரும் இறப்பும் கூடியது நலத்துறையைத் திடுக்கிடச் செய்தது.

இந்நோயின் வரலாறு ரங்கூனில் தொடங்குகிறது. 1911இல் அந்நகர்ப் பொது மருத்துவமனையின் நோய்க்கூற்று மருத்துவர் ஆல்பிரட் விட்மோர், வீதியோரத்தில் வாழ்ந்து மார்பியா ஊசிக்கு அடிமையாகி இறந்த ஏழையரின் உடல்களை அறுத்துப் பார்த்தபோது, அதுவரை எந்நூலிலும் காணாத கட்டிகளைக் கண்டார். உதவி மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசாமி அப்பணியில் உடனிருந்தார். இருவர் பெயரிலும் 1912இல் 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் கட்டுரை வெளிவந்தது. 1917இல் கிருஷ்ணசாமி தனியே எழுதிய கட்டுரை இருநூற்றுக்கு மேற்பட்ட நோயாளரைப் பற்றிப் பேசுகிறது. பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஸ்டாண்டனும் பிளெட்சரும் 1921இல் மெலியாய்டோசிஸ் என்று பெயரிட்டனர். நோய்க்கு விட்மோர் நோய் என்ற மறுபெயரும் நிலைத்தது. கிருஷ்ணசாமியின் பெயர் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிற்று. பிணவறையில் நெடுநாள் நின்ற தென்னிந்தியப் பெயருடைய அம்மருத்துவரைப் பற்றிய ஒரு வரியேனும் தமிழ்ப் பாடநூலில் இடம்பெறலாம்.

விட்மோரும் கிருஷ்ணசாமியும் கத்தியால் கண்ட மண்ணீரற் கட்டிகளை இன்று மருத்துவர் உயிருள்ளவரிடம் ஒலியால் காண்கின்றனர். வடகிழக்குத் தாய்லாந்தில் 230 நோயாளரை மீயொலியால் ஆராய்ந்த ஆய்வு 2012இல் வெளியாயிற்று. அவருள் 77 பேருக்கு வயிற்றுறுப்புகளில் சீழ்க்கட்டி இருந்தது. பலருக்கு வயிற்றுவலியே இருக்கவில்லை. வலி இல்லாதவர் வயிற்றை எந்தக் கை தேடித் தொட்டிருக்கும்? ஆதலின் மெலியாய்டோசிஸ் என்று தெரிந்தவுடன் வயிற்றைப் படமெடுத்துப் பார்ப்பது இன்று நடைமுறை. உபோன் நகரில் 1989இல் வெளியான சோதனையில் செப்டாசிடிம் மருந்து, கடுநோயாளரின் சாவை நூற்றுக்கு 74இலிருந்து 37ஆகக் குறைத்தது. கிழமைக் கணக்கில் ஊசியும் பின்னர் மாதக் கணக்கில் மாத்திரையும் கொடுக்க வேண்டியிருப்பதால், கட்டி சுருங்குகிறதா என மீண்டும் மீண்டும் பார்த்தே மருந்தை நிறுத்தும் நாளை முடிவு செய்கின்றனர். பெரிய கட்டியை ஒலியின் வழிகாட்டலில் ஊசியிட்டு வடிப்பதும் உண்டு. மண்ணீரலில் சிதறிய சிறு கட்டிகளைப் பெரும்பாலும் மருந்துக்கே விட்டுவிடுவர்.

தமிழர் மிகுதியாய்க் குடியேறிய மற்றொரு மண்ணான நேட்டாலிலிருந்தும் இத்தகைய செய்தி ஒன்று வந்தது. எச்.ஐ.வி. உடையோர்க்குக் காசநோய் நெஞ்சில் புலப்படாமல் உடலெங்கும் பரவும்போது, மண்ணீரலில் எள்ளளவான கரும்புள்ளிகளாக அது மீயொலியில் தோன்றும். குவாசுலு-நேட்டாலின் ஊர்ப்புற மருத்துவமனை ஒன்றில் 2010ஐ ஒட்டி இதற்கெனச் சுருக்கமான ஸ்கேன் முறை வகுக்கப்பட்டது. கையில் தூக்கிச் செல்லும் சிறு கருவியால், கட்டிலருகே, சில நிமிடங்களில் முடிவது அது. டான் டொக் செங் மருத்துவமனை நெடுங்காலம் காசநோயாளரின் புகலிடமாய் இருந்தது என்பதை எண்ணுவோர்க்கு, அவர்களுள் எத்தனை பேர் இவ்வாறு மறைந்த நோயால் பெயர் தெரியாமலே மாண்டனரோ என்ற வினா எழாமற் போகாது. மிடில்டன் மருத்துவமனை 1985இல் டான் டொக் செங்குடன் இணைந்து தொற்றுநோய் நிலையமாயிற்று. அதன் பணியை 2019இல் முறையாகத் திறக்கப்பட்ட தேசியத் தொற்றுநோய் நிலையம் ஏற்றுக்கொண்டது.

எனினும் ஒலியை எல்லாம் வல்லதாகக் கொள்வது பேதைமை. மண்ணீரலின் அளவு மாறுவதை அது காட்டும். அதனுள் நடக்கும் போரின் வெற்றிதோல்வியைக் காட்டாது. குருதியில் நஞ்சேறும் கடுந்தொற்றால் இறந்தவர்களின் மண்ணீரல்களை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஹாட்ச்கிஸ் குழுவினர் ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவு இதற்கு எடுத்துக்காட்டு. எதிர்ப்புப் படையின் உயிரணுக்களுள் சில வகை அங்கே பெருமளவு தாமாகவே மடிந்து குறைந்திருந்தன. வெளியே உறுப்பு இருக்க, உள்ளே படை கலைந்து போயிருந்தது. நீளத்தை அளக்கும் ஒலிக்கு இவ்வெறுமை புலப்படாது. உடல் உயரமானோர்க்கு மண்ணீரலும் இயல்பாகவே நீண்டிருக்கும் என்பதால், ஓர் எண்ணை மட்டும் கொண்டு முடிவு கூறுவதும் பிழை.

இந்தோனேசியாவின் பப்புவா மாநிலத்துத் திமிக்கா ஊரிலிருந்து 2021இல் வெளிவந்த ஆய்வோ டெம்ப்ஸ்டர் காலத்து வினாவையே மறுபடியும் திறந்துவிட்டது. பெரும்பாலும் விபத்தில் அடிபட்டதால் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களின் உறுப்புகளை அவ்வாய்வினர் நுணுகிப் பார்த்தனர். காய்ச்சலே இல்லாத அம்மக்களுள் பலரின் மண்ணீரலில் மலேரியாக் கிருமிகள் உயிருடன் குவிந்திருந்தன. வைவாக்ஸ் வகைக் கிருமியில் உடலில் உள்ளவற்றின் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை மண்ணீரலிலேயே இருந்தன. விரல் நுனியில் எடுக்கும் குருதித்துளியில் அவை அரிதாகவே தென்பட்டன. கிருமியைப் பிடித்து அழிக்கும் சல்லடையென்று அறியப்பட்ட உறுப்பு, கிருமி ஒளிந்து பெருகும் இடமாகவும் இருந்திருக்கிறது. வாட்சன் கிள்ளான் தோட்டங்களில் வரிசையாக நிறுத்தித் தொட்டுப் பார்த்த பிள்ளைகளுள், காய்ச்சலின்றி ஓடி விளையாடியும் மண்ணீரல் பெருத்திருந்தவர்கள் எதைச் சுமந்து நின்றனர் என்பதற்கு விடையின் ஒரு பகுதி இவ்வாறு நூறாண்டுக்குப் பின் கிடைத்தது.